ஹோவர்ட் சோமர்வெல்: எவரெஸ்ட் உச்சிக்கு 300 மீட்டர் கீழே திரும்பியவர், நெய்யூரில் குடல்புண்ணோடு மல்லுக்கட்டியது ஏன்?

உங்கள் ஆபீஸ் பையிலோ மேசை டிராயரிலோ ஒரு பான்டோபிரசோல் ஸ்ட்ரிப் இருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி லேட்டா பிரியாணி, காலையில் வெறும் வயிற்றில் காபி, மதியம் மீட்டிங் முடிய மூணு மணி. நெஞ்சு எரிந்தால் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தா தலைமுறையில் சிலருக்கு நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நீளமான ஒரு தழும்பு இருந்திருக்கும். அல்சர் ஆபரேஷன் என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் முற்றிய குடல்புண்ணுக்கு மாத்திரை கிடையாது. பத்தியம், பால், கஞ்சி. அதில் கேட்கவில்லை என்றால் கத்திதான்.

தென்னிந்தியாவில் அந்தக் கத்தியை அதிகம் பிடித்த கைகளில் ஒன்று, அதற்கு முன்பு எவரெஸ்டில் பனிக்கோடாரி பிடித்த கை. தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அந்த மனிதர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வேலூரில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆயிரக்கணக்கான வயிறுகளைத் திறந்து பார்த்தவர் கடைசி வரை கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குடல்புண்? அதற்கான பதிலின் முக்கியமான பாதி, அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது.

செருப்புக் கம்பெனி வீட்டுப் பிள்ளை

சோமர்வெல் பிறந்தது 1890 ஏப்ரல் 16, இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கெண்டல் என்ற சிறு நகரத்தில். குடும்பத்துக்குக் காலணி வியாபாரம். 'கே ஷூஸ்' என்று அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிராண்ட் அது. பணத்துக்குக் குறைவில்லை. ரக்பி பள்ளி, அப்புறம் கேம்பிரிட்ஜ், அப்புறம் லண்டனில் மருத்துவப் படிப்பு. மலையேற்றம், இசை, ஓவியம் மூன்றும் கூடவே வந்தன. மூன்றையும் அவர் பொழுதுபோக்காக நினைக்கவில்லை. கடைசி வரை விடவும் இல்லை.

படித்து முடித்த கையோடு முதல் உலகப்போர் வந்துவிட்டது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்ஸ் போனார்.

1916 ஜூலை 1, சொம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் ராணுவம் அந்த ஒரே நாளில் இழந்தது 57,000-க்கும் மேற்பட்டோரை. அதில் 19,240 பேர் இறந்தவர்கள், மற்றவர்கள் பெரும்பாலும் காயம்பட்டவர்கள். முன்னணிக்குப் பின்னால் இருந்த சிகிச்சை முகாம் ஒன்றில் சோமர்வெல் இருந்தார். ஸ்ட்ரெச்சர்கள் வயல் முழுக்கப் பரவிக் கிடந்தன. இருந்த சில டாக்டர்களால் எல்லோரையும் பார்க்க முடியாது. யாரைத் தூக்கி மேசையில் போடுவது, யாரை அப்படியே விடுவது என்று சில நொடியில் முடிவெடுக்க வேண்டும். தன்னை முதலில் பார்க்கச் சொல்லிக் காயம்பட்டவர்கள் கெஞ்சவில்லை, பக்கத்தில் கிடப்பவனைக் காட்டினார்கள் என்பது அவர் மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது. போரை எதிர்க்கும் மனிதராக அவர் மாறியது இந்த அனுபவத்தால்தான்.

கவனித்தீர்களா? காத்திருக்கும் கூட்டம், போதாத கைகள். இதே கணக்கு அவர் வாழ்க்கையில் இன்னொரு தடவையும் வரும், இடம் மட்டும் மாறும்.

1922: சாதனையும் ஏழு மரணமும்

1920-ல் இங்கிலாந்தின் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஃபெலோ ஆனார். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. 1922-ல் எவரெஸ்டை ஏற முயன்ற முதல் குழுவில் இடம் கிடைத்தது.

மே 21 அன்று ஜார்ஜ் மல்லோரி, எட்வர்ட் நார்ட்டன் இருவரோடும் சோமர்வெல் 26,985 அடி, அதாவது சுமார் 8,225 மீட்டர் உயரம் தொட்டார். கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல். அதுவரை எந்த மனிதரும் போகாத உயரம். சில நாட்களில் அதே குழுவின் வேறு இருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு இன்னும் மேலே போனார்கள்.

அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஜூன் 7 அன்று புதுப்பனி விழுந்திருந்த சரிவில் மூன்றாவது முயற்சி நடந்தது. பனிச்சரிவு வந்தது. சுமை தூக்கி வந்த ஏழு பேர் இறந்தார்கள். ஐரோப்பியர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஏழுக்குப் பூஜ்ஜியம் என்ற கணக்கு சோமர்வெல்லை விடவே இல்லை. தங்களில் ஒருவராவது அந்தப் பனிக்குள் போயிருந்தால், ஆபத்தைச் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டோம் என்று அந்தக் குடும்பங்களிடம் காட்ட முடிந்திருக்கும் என்ற பொருளில் அவர் பின்னாளில் எழுதினார். வெற்றிக் கதையாக மட்டும் எவரெஸ்டைச் சொன்ன காலத்தில் இப்படி ஒரு குற்ற உணர்ச்சியைப் பதிவு செய்தவர்கள் குறைவு.

1922 குழுவுக்கு 1924-ல் சாமோனி குளிர்கால ஒலிம்பிக்கில் மலையேற்றத்துக்கான பதக்கம் தரப்பட்டது. ஆமாம், இந்த நெய்யூர் டாக்டர் ஒலிம்பிக் பதக்கக்காரரும்கூட.

நெய்யூர் எப்படி உள்ளே வந்தது?

பயணம் முடிந்ததும் நேராக ஊர் திரும்பாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். வடக்கிலிருந்து தெற்கே, கன்னியாகுமரி வரை. வழியில் நெய்யூர்.

அப்போது நெய்யூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான். லண்டன் மிஷன் சங்கம் இங்கே 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தது. உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி கொடுப்பதும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்தாயிற்று. சுற்றுவட்டாரத்தில் கிளை மருத்துவமனைகள் இருந்தன. ஆனால் சோமர்வெல் போய்ச் சேர்ந்தபோது தலைமை மருத்துவமனையில் ஒரே ஒரு அறுவை மருத்துவர்தான் திணறிக்கொண்டிருந்தார். வெளியே நீளமான வரிசை.

சொம் வயல்வெளியில் பார்த்த அதே காட்சி. ஒரே வித்தியாசம், இங்கே குண்டடி கிடையாது. வயித்துவலி, வாய்ப்புற்று, குடலிறக்கம், கண்புரை. சில நாள் கூடமாட வேலை செய்தார். லண்டன் திரும்பியதும் தன் முடிவைச் சொன்னார்: இனி வேலை இந்தியாவில்.

தமிழில் இணையத்தில் சுற்றும் கதைகள் பெரும்பாலும், நெய்யூர் வரிசையைப் பார்த்ததும் அவர் எவரெஸ்டைத் துறந்தார் என்று முடியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகள் வேறு கதை சொல்கின்றன. நெய்யூர் முடிவுக்குப் பிறகும் 1924-ல் அவர் மறுபடி மலைக்குப் போனார். அங்கே உயிரே போகப் பார்த்தது.

1924: தொண்டையில் அடைத்த மரணம்

அந்த ஆண்டு மே மாதம், வடக்கு கணவாயில் நான்கு சுமைதூக்கிகள் மாட்டிக்கொண்டார்கள். பனிச்சரிவு அபாயம் இருந்த சரிவு அது. உச்சி முயற்சிக்குப் பலம் மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் திரும்ப மேலே ஏறினார்கள். ஆபத்தான சரிவைக் குறுக்கே கடந்து அவர்களிடம் போனவர் சோமர்வெல். நான்கு பேரும் உயிரோடு இறங்கினார்கள். 1922-ல் நடந்ததற்கு இது பதிலா என்று கேட்டால், அவரிடம் அப்படி ஒரு எண்ணம் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஜூன் 4. நார்ட்டனும் சோமர்வெல்லும் ஆக்சிஜன் இல்லாமல் உச்சியை நோக்கி நடந்தார்கள். வறண்ட குளிர்காற்று பல நாட்களாக சோமர்வெல்லின் தொண்டையைப் புண்ணாக்கியிருந்தது. ஏறக்குறைய 28,000 அடியில் அவர் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியே போய் 28,126 அடி, அதாவது சுமார் 8,573 மீட்டர் வரை தொட்டுத் திரும்பினார். ஆக்சிஜன் இல்லாமல் ஏறியதில் அந்த உயரத்தை 1978 வரை யாரும் தாண்டவில்லை.

இறங்கும் வழியில் சோமர்வெல்லுக்கு மூச்சு நின்றுபோனது. உறைந்து உரிந்த தொண்டைச் சவ்வு உள்ளே அடைத்துக்கொண்டது. முன்னால் போன நார்ட்டனைக் கூப்பிடக் குரல் வரவில்லை. பனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தி, கடைசிப் பலத்தையும் கூட்டி இருமினார். சவ்வு ரத்தத்தோடு வெளியே வந்தது. மூச்சும் வந்தது.

நான்கு நாள் கழித்து மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் மேலே போய்த் திரும்பவே இல்லை. மல்லோரி கையில் இருந்தது சோமர்வெல் கடன் கொடுத்த கோடாக் கேமரா. மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தது, அதனோடு கேமரா இல்லை. உலகத்தில் பலர் இன்றும் சோமர்வெல் பெயரைத் தேடுவது அந்தக் கேமராவுக்காகத்தான். நெய்யூர் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

குடல்புண் என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

1925-ல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனைத் திருமணம் செய்தார். மூன்று மகன்கள். குடும்பத்தோடு நெய்யூர் வாழ்க்கை. அங்கே திரும்பத் திரும்ப மேசைக்கு வந்த நோய், டியோடினம் எனப்படும் சிறுகுடலின் முதல் பகுதியில் வரும் புண்.

கொஞ்சம் உடற்கூறு பார்ப்போம். இரைப்பையில் ஊறும் அமிலம் மிகக் காட்டமானது. இரைப்பையின் உள்சுவருக்குச் சளிப்படலம் என்ற கவசம் உண்டு. இரைப்பையின் வாசலைத் தாண்டியதும் வருவது டியோடினம். அமிலத்தின் முதல் அடி விழுவது அங்கேதான். கவசம் பலவீனமானால் புண் வரும்.

மேற்கு நாட்டுப் பாடப்புத்தகங்களில் இந்தப் புண்ணின் பெரிய ஆபத்துகள் இரண்டு: ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை. நெய்யூரில் வந்தவர்களிடம் வேறொன்று அதிகம் இருந்தது. புண் ஆறும், மறுபடி வரும், மறுபடி ஆறும். ஒவ்வொரு தடவையும் தழும்பு விழும். பல ஆண்டுகளில் அந்தத் தழும்பே இரைப்பையின் வாசலைச் சுருக்கி அடைத்துவிடும். சாப்பிட்டது கீழே இறங்காது. இரைப்பை பை போல ஊதும். நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியாக வரும். வேலைக்குப் போகிற வயதில் இருந்த ஆண்கள் எலும்பும் தோலுமாக வந்து சேர்வார்கள்.

இதற்கு அவர் அதிகம் செய்தது ஒரு மாற்றுவழி ஆபரேஷன். இரைப்பையின் அடிப்பகுதியில் ஒரு திறப்பு, சிறுகுடலின் அடுத்த பகுதியில் ஒரு திறப்பு, இரண்டையும் சேர்த்துத் தையல். அடைபட்ட சிக்னலைத் தவிர்த்து பைபாஸ் ரோடு போடுவது மாதிரி. உணவு புண்ணைத் தொடாமல் இறங்கும். சாப்பிட முடியாமல் வந்தவர் சில வாரத்தில் சோறு சாப்பிட்டு நடந்து போவார்.

பிரச்னை, இது அமிலத்தைக் குறைக்காது. தையல் போட்ட இடத்திலேயே புதுப்புண் வரலாம். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தால் அமிலம் குறையும், ஆனால் சத்துக்குறைவோடு வரும் நோயாளிக்கு அது பெரிய ஆபரேஷன். நடுவழி ஒன்றைத் தேடினார். இரைப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் பலவற்றைக் கட்டிவிட்டால், வெட்டாமலே அமிலச் சுரப்பு குறையும் என்பது அவர் யோசனை. 1945-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் இதை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1936-ல், நெய்யூர் சகா டாக்டர் ஓருடன் சேர்ந்து அதே இதழில் நீண்ட நாள் டியோடினப் புண் பற்றி விரிவான கட்டுரை எழுதியிருந்தார். 1948-ல் இரைப்பை, டியோடினம் அறுவை சிகிச்சை பற்றி ஒரு முழுப் பாடநூலே வந்தது.

ஒரு கிராமத்து மிஷன் மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு, உலக மருத்துவ இதழுக்குத் தரவானது இப்படித்தான். இன்றைய மொழியில் சொன்னால், பெரிய சாம்பிள், ஒரே இடம், ஒரே டீம், பல ஆண்டுகள். டேட்டா வேலை செய்பவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

அதே ஓர் 1933-ல் லான்செட் இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி எழுதினார். புகையிலையோடு வெற்றிலை மெல்லுவதன் ஆபத்தைக் காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று. அதுவும் நெய்யூர் சரக்குதான்.

எலிகள் சாப்பிட்ட மரச்சீனி

சரி, ஏன் இந்தப் பகுதியில் இவ்வளவு புண்? சாப்பாடுதான் என்று சந்தேகம் போனது.

திருவிதாங்கூர் ஏழைகளின் தட்டில் அப்போது இருந்தது மரச்சீனிக் கிழங்கு, கொஞ்சம் அரிசி, காரமான மீன் குழம்பு. மற்ற ஊர்களில் மரவள்ளி என்று சொல்லும் அதே கிழங்குதான். பஞ்சத்தைச் சமாளிக்க 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசே பரப்பிய பயிர் அது. வயிறு நிறையும், புரதமும் உயிர்ச்சத்தும் குறைவு.

நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் அப்போது இந்திய உணவுமுறைகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். திருவிதாங்கூர் ஏழை உணவு சாப்பிட்ட எலிகளில் வயிற்றுப்புண் அதிகம். சென்னை மாகாண அரிசி உணவு சாப்பிட்டவற்றில் அதைவிடக் குறைவு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு சாப்பிட்டவற்றில் இல்லை. நெய்யூர் அறுவை மேசையில் தெரிந்ததும் குன்னூர் எலிக்கூண்டில் தெரிந்ததும் ஒரே திசையைக் காட்டின.

அதனால் சோமர்வெல் காலத்து விளக்கம், சத்தில்லாத சாப்பாடு குடலின் கவசத்தைப் பலவீனமாக்குகிறது, காரமும் அமிலமும் மிச்சத்தைச் செய்கின்றன என்பதாக இருந்தது. தவறான விளக்கம் என்று சொல்ல முடியாது. முழுசான விளக்கமும் இல்லை.

வேலூரும் தங்கவயலும்

1940-களின் கடைசியில் சோமர்வெல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய அந்தக் கல்லூரி 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு உயர்ந்து, 1947-ல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. தகுதியுள்ள பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள். தொழுநோயால் முடங்கிய கைகளை பால் பிராண்ட் சீரமைக்கத் தொடங்கியதும் அதே காலத்தில், அதே வளாகத்தில்தான். சோமர்வெல் அங்கே அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்து, 1961-ல் ஓய்வுபெற்றார்.

நான் வளர்ந்த கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில், பெரிய ஆபரேஷன் என்றாலே வாயில் வருவது வேலூர்தான். சுரங்கத்துக்குச் சொந்தமாகவே பெரிய மருத்துவமனை இருந்த ஊர். இருந்தும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, காட்பாடியில் இறங்கும் பழக்கம் போகவில்லை. காரணம் எளிது. சுரங்கத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பகுதிக்குச் சொந்த ஊரே பழைய வட ஆர்க்காடு. வேலூர் என்பது மருத்துவமனை மட்டுமல்ல, பாட்டி ஊரும்கூட.

நந்திதுர்க்கை இங்கே கொண்டுவர இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றை அறை வரிசை வீடுகள், தட்டிச் சுவர்கள், ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், தெருக்குழாய்த் தண்ணீர். இந்த நெருக்கம் குடல்புண் கதையில் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

பெர்த்தில் இருந்து வந்த பதில்

சோமர்வெல் 1975 ஜனவரி 23 அன்று, இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் 84 வயதில் இறந்தார். அதற்கு முன் 1962 முதல் 1965 வரை ஆல்பைன் கிளப் தலைவராகவும் இருந்தார்.

1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பையிலிருந்து எடுத்த திசுவில் சுருள் வடிவ பாக்டீரியா ஒன்றை வளர்த்துக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. நம்பவைக்க மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் இரைப்பை அழற்சி வந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

பெரும்பாலான டியோடினப் புண்களுக்குப் பின்னால் இந்தக் கிருமி இருப்பது உறுதியானது. ஆன்டிபயாடிக் இரண்டு, அமிலம் குறைக்கும் மருந்து ஒன்று, இரண்டு வாரம். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் எண்ணிக்கை சரிந்துபோனது. அறுவைப் பயிற்சி பெறும் இன்றைய மாணவர்கள் பலர், சோமர்வெல் அன்றாடம் செய்த அந்தத் தையலை அல்சருக்காகப் பார்ப்பதே அபூர்வம்.

அப்போ அவர் வாழ்நாள் வேலை வீணா? தட்டில் சோறு இறங்காமல் வந்தவருக்கு முப்பது ஆண்டு ஆயுள் கிடைத்ததென்றால், காரணம் தெரியாமல் செய்த சிகிச்சையும் சிகிச்சைதான். அதுமட்டுமில்லாமல், கேள்வி இன்னும் முழுசாக முடியவில்லை.

கிருமி ஒன்று, நோய் ஏன் வேறு?

இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள். வடக்கிலும் அதிகம், தெற்கிலும் அதிகம். ஆனால் புண் வருவது அவர்களில் சிறு பங்கினருக்குத்தான். சோமர்வெல் காலத்தில் தெற்கில் அதிகம், கோதுமை சாப்பிடும் பஞ்சாப் பக்கம் குறைவு. கிருமி மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசம் வரக்கூடாது.

மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1950-களிலும் 60-களிலும் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி இதைப் பல ஆண்டுகள் துரத்தினார். தீட்டிய அரிசி பிரதானமான பகுதிகளில் புண் அதிகம், தீட்டாத கோதுமை, சில சிறுதானியங்கள், சில பருப்புகள் சாப்பிடும் பகுதிகளில் குறைவு என்பது அவர் முடிவு. வேலூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய எலிச் சோதனைகளில் கொள்ளில் உள்ள கொழுப்புப் பொருட்கள் பாதுகாப்பு தருவது தெரிந்தது. எலியில் தெரிந்தது மனிதருக்கு மருந்தாகிவிடாது. கொள்ளு ரசம் குடித்தால் அல்சர் போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். ஆனால் மெக்காரிசனும் சோமர்வெல்லும் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டது முட்டாள்தனம் அல்ல என்பதற்கு இது சாட்சி.

குழந்தைப் பருவத்தில் போடும் விதை

இந்தக் கிருமி எப்போது உடம்புக்குள் வருகிறது? பெரும்பாலும் பத்து வயதுக்குள். வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு. நெருக்கமான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், கழிப்பறை இல்லாமை இருக்கும் இடங்களில் இன்னும் சீக்கிரம். வந்தபின், சிகிச்சை இல்லாவிட்டால், பல பத்தாண்டுகள் அங்கேயே குடியிருக்கும். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை இரைப்பைப் புற்றுநோய்க்கான உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

அப்படியென்றால் நெய்யூர் மேசையில் 35 வயதில் படுத்தவரின் நோய், பெரும்பாலும் அவர் தவழ்ந்த வயதிலேயே தொடங்கியிருக்கிறது. சோமர்வெல் பார்த்தது கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும்.

குழந்தையின் குடல் அசுத்தச் சூழலில் வேறு வகையிலும் அடி வாங்குகிறது. சிறுகுடலின் உள்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள்தான் சத்தை இழுத்துக்கொள்கின்றன. திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று வந்தால் அவை மழுங்கித் தட்டையாகின்றன. வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைக்கும் இது நடக்கலாம். ஊட்டும் சோறு உடம்பில் ஒட்டாது. உயரம் குறையும். எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், இந்தியாவின் இடமாக இருந்தது வேலூர். சோமர்வெல் பாடம் நடத்திய அதே கல்லூரிதான் அதை நடத்தியது. கத்தியில் தொடங்கிய கேள்வி இப்போது குழாய்த் தண்ணீரிலும் கழிப்பறையிலும் வந்து நிற்கிறது.

அவரை எப்படிப் பார்ப்பது?

இதில் சங்கடமான பக்கமும் இருக்கிறது. நெய்யூர் மருத்துவமனை கிறிஸ்தவ மதப் பரப்பலின் பகுதியாக இருந்தது. சோமர்வெல் அதை மறைத்தவரும் அல்ல. மிஷனரி மருத்துவம் சேவையா, மதமாற்றத்தின் கருவியா என்ற விவாதம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதே நேரம், திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். தெருவில் நடக்கவே சாதி பார்த்த சமஸ்தானத்தில், எல்லாச் சாதியினரும் சிகிச்சைக்கு வந்து படுத்த வார்டு என்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அவர் பெயர் நிற்கிறது, கூட வேலை செய்த உள்ளூர் உதவியாளர்கள், நர்சுகள், கிளை மருத்துவமனைகளை நடத்தியவர்களின் பெயர்கள் பொதுவெளியில் இல்லை. எவரெஸ்டில் சுமை தூக்கியவர்களுக்கு நடந்ததே இங்கேயும் நடந்தது. ஏழுக்குப் பூஜ்ஜியம் என்ற கணக்கால் கலங்கிய மனிதரின் கதையைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். அடிக்கடி வயித்துவலி, கருப்பாக மலம், காரணமில்லாமல் எடை குறைவது, சாப்பிட்டது வாந்தியாக வருவது இதில் எதுவும் இருந்தால், மெடிக்கல் ஷாப் மாத்திரையில் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோபி என்று கிருமியைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. இருந்தால் ஒரு கோர்ஸ் மருந்தை இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும்கூடப் புண்ணை உண்டாக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெய்யூர் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வாய்ப்பு இருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது, லண்டன் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு டாக்டர், அவர் கையில் ஒரு கத்தி, அவர் எழுதி வைத்த பதிவேடு. உங்கள் மேசை டிராயரில் இருக்கும் ஸ்ட்ரிப்புக்கு முந்தைய வரலாற்றில் அந்தப் பதிவேட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு.